கொத்மலை ஓயாவோடு ஒரு நாள்: ஹட்டனிலிருந்து பூண்டுலோயா வழியாக இறம்பொடை வரை

இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து நுவரெலியா போகிறவர்கள் டெவோன் நீர்வீழ்ச்சியில் ஐந்து நிமிடம், சென்கிளையர் நீர்வீழ்ச்சியில் ஐந்து நிமிடம் வாகனத்தை நிற்பாட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு தலவாக்கலை டவுன் நெரிசலில் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு நானுஓயாப் பக்கம் ஏறிவிடுவார்கள். நல்ல பாதைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொத்மலை ஓயாவின் பள்ளத்தாக்கு விரியத் தொடங்குகிற இடத்தில்தான் அவர்கள் அதற்கு முதுகைக் காட்டுகிறார்கள். தலவாக்கலையில் இடப்பக்கம் பிரிகிற பூண்டுலோயா வீதியில் இறங்கினால், தவலந்தென்னை வரை ஆறு போகிற திசையிலேயே போகலாம். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, பூண்டுலோயா, தவலந்தென்னை, இறம்பொடை என்ற இந்தச் சுற்று ஒரே நாளில் முடியும். காலை ஏழு மணிக்குப் புறப்படாவிட்டால் பாதிதான் கிடைக்கும். காரணம் கீழே வருகிறது.

ஆற்றின் கணக்கைத் தெரிந்துகொண்டு போனால் பயணம் இரண்டு மடங்கு சுவைக்கும். அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து வரும் ஆக்ரா ஓயாவும் நுவரெலியாப் பக்கமிருந்து வரும் நானுஓயாவும் தலவாக்கலையை அண்டிச் சேர்ந்து கொத்மலை ஓயாவாகின்றன. சேர்ந்த கையோடு அணை. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் இந்த அணை 35.5 மீட்டர் உயரம், 2012இல் திறக்கப்பட்டது. தேங்கும் நீர் அங்கிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமான சுரங்கத்துக்குள் புகுந்து, பூண்டுலோயாவுக்குக் கீழே நியம்கம்தொரவில் நிலத்துக்கடியில் இருக்கும் மின்நிலையத்தில் விழுகிறது. அங்கே 150 மெகாவாட் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஆற்றோடு சேர்ந்து கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. தலவாக்கலை நீர்த்தேக்கத்துக்கும் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கும் இடையிலான உயர வித்தியாசம் 500 மீட்டரை நெருங்கும். நீங்கள் ஒரு மணித்தியாலம் வளைந்து வளைந்து இறங்குகிற அதே உயரத்தை நீர் மலைக்குள்ளால் இறங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே இரண்டு அணைகளுக்கு நடுவில் வெளியே தெரிகிற ஆறு, முழு ஆறு அல்ல. திறந்துவிடப்பட்டதும், அணைக்குக் கீழே வந்து சேரும் ஓடைகளின் நீரும்தான். வரட்சி மாதங்களில் பெரிய பாறைகளுக்கு நடுவில் நூல் போல ஓடும். பொங்கிப் பாயும் ஆற்றை எதிர்பார்த்து மார்ச்சில் வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். அது பாதையின் குற்றமில்லை.

எந்த மாதம்?

இங்கே தண்ணீரும் வெளித்த வானமும் ஒன்றாக வருவது அருமை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்தச் சரிவில் நேரடியாக அடிக்கிறது. அப்போது நீர்வீழ்ச்சிகள் உச்சத்தில் இருக்கும், சில நாட்களில் அணையின் வான்கதவுகளும் (மிகை நீரை வெளியேற்றும் கதவுகள்) திறக்கப்படும். ஆனால் பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம் அடைத்திருக்கும், சத்தம் கேட்கும், உருவம் தெரியாது. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை வானம் கழுவித் துடைத்தது போல இருக்கும், நீர் குறைவு. ஒக்டோபர், நவம்பரில் காலை நன்றாக விடிந்து, மதியம் இரண்டு மணிக்கு இடியோடு கொட்டும்.

ஒரே ஒரு தடவைதான் வர முடியும் என்றால் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை பாருங்கள். மழைக்காலத்து நீர் ஓடைகளில் மிச்சமிருக்கும், காலைகள் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஏப்ரலைத் தவிருங்கள். நுவரெலியா வசந்தகாலக் கூட்டம் இறம்பொடை வரை வாகன வரிசையாக நிற்கும், ஒரு நாள் சுற்று ஒன்றரை நாளாகிவிடும்.

எந்த மாதமானாலும் மதியத்துக்குப் பிறகு மூட்டம் ஏறும். வெயிலில் சூடான காற்று பள்ளத்தாக்கிலிருந்து சரிவு வழியே மேலே வரும்போது குளிர்ந்து முகிலாகிறது. காலை ஏழு மணிக்குப் புறப்படச் சொல்வது இதற்காகத்தான். நீர்வீழ்ச்சிகளைப் பத்து மணிக்கு முன், பூண்டுலோயா இறக்கத்தை நண்பகலுக்கு முன் முடித்துவிட வேண்டும். கொத்மலை நீர்த்தேக்கம் தாழ்வில் இருப்பதால் அது மட்டும் பின்னேரம் வரை பொறுத்திருக்கும்.

வாகனம்

மூன்று வழி இருக்கிறது. வசதியானது வேன் அல்லது கார். வாடகைக்குப் பேசும்போது தொகையை மட்டும் கேட்டு நிறுத்தாமல் நான்கு விடயங்களைக் கதைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை கிலோமீட்டர் வரை அந்தத் தொகை, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, காத்திருக்கும் நேரத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா, சாரதியின் சாப்பாடு யார் பொறுப்பு. ‘பூண்டுலோயா வழியாக’ என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் தலவாக்கலைக்கு வந்ததும் ‘அந்தப் பாதை சரியில்லை சேர், நுவரெலியாவால போவோம்’ என்று தொடங்கும். பாதை ஒடுக்கம்தான், போக முடியாத பாதை இல்லை. பழகாத சாரதிக்குத்தான் பயம்.

இரண்டு பேரென்றால் ஓட்டோ போதும். பக்கவாட்டில் திறந்திருப்பதால் வேனில் கிடைக்காத காற்றும் வாசமும் கிடைக்கும். தலவாக்கலை அல்லது பூண்டுலோயா ஆளுடைய ஓட்டோவாக இருந்தால் இன்னும் நல்லது, அவர்களுக்கு ஒவ்வொரு வளைவிலும் எங்கே ஒதுங்கலாம் என்று தெரியும். ஹட்டனிலிருந்து முழு நாளும் ஓட்டோ பிடிப்பதை விட, தலவாக்கலை வரை பஸ்ஸிலோ ரயிலிலோ வந்து அங்கிருந்து ஓட்டோ பிடிப்பது மலிவு.

மூன்றாவது பஸ். ஹட்டன் - தலவாக்கலை பஸ் அடிக்கடி உண்டு. தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாவுக்கும், பூண்டுலோயாவிலிருந்து தவலந்தென்னை வழியாகக் கம்பளை, கண்டிப் பக்கமும் பஸ் ஓடுகிறது. காட்சிக்காக நிறுத்த மாட்டார்கள் என்பதைத் தவிரக் குறையில்லை, அந்த உயரமான யன்னலிலிருந்து தெரியும் பள்ளத்தாக்கு காரில் தெரியாது. காலையில் பள்ளிக்கூட நேரத்தையும் பின்னேரம் வேலை முடிகிற நேரத்தையும் விட்டுவிட்டால் இருக்கை கிடைக்கும்.

எதில் போனாலும் ஒரே விதி: இடப்பக்கம் உட்காருங்கள். ஹட்டனிலிருந்து வரும்போது டெவோனும் சென்கிளையரும் இடப்பக்கம். தலவாக்கலையிலிருந்து தவலந்தென்னைக்கு இறங்கும்போது ஆற்றுப் பள்ளத்தாக்கும் இடப்பக்கம். ரயிலிலும் அப்படியே. இதே சுற்றை மறுபுறமிருந்து செய்தால் பள்ளத்தாக்கு எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும், அதோடு ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் புகை குடித்துக்கொண்டு வரவேண்டியிருக்கும். இறங்குமுகமாகப் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம், அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். இருட்டிலிருந்து வெளியே வந்து கொட்டகலை தாண்டியதும் இடப்பக்கம் நீர்வீழ்ச்சிகள் தொடங்கும். வீதியில் நின்று பார்ப்பதை விட இது அழகு, ஆனால் சில நொடிகள்தான், கமராவைத் தேடுவதற்குள் போய்விடும். 2025 நவம்பர் டித்வா புயலில் மலையக ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. ரயிலை நம்பி நாளைத் திட்டமிடுகிறவர்கள் அந்தப் பகுதியில் சேவை எப்படி என்று ஹட்டன் நிலையத்தில் முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

தலவாக்கலை வரை

ஹட்டனில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள், ஆனால் வயிறு முட்ட வேண்டாம். எண்ணெயில் ஊறிய பராட்டாவையும் இறைச்சிக் குழம்பையும் அடித்துவிட்டு வளைவில் ஏறினால் கொட்டகலை வரும்போதே பின் இருக்கையில் பை தேடுவார்கள். இடியப்பமும் சொதியும், அல்லது ரொட்டியும் கட்டசம்பலும் அளவாக. பிள்ளைகளை முன் இருக்கைக்கு அருகில் இருத்தி, கைத்தொலைபேசியைப் பிடுங்கி வைத்து, முகர ஒரு தேசிக்காய் கொடுங்கள். காசு எடுக்க வேண்டுமென்றால் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ எடுத்துவிட வேண்டும்.

டெவோன் 97 மீட்டர். கொத்மலை ஓயாவின் கிளை ஓடையொன்றில் விழுகிறது, தலவாக்கலைக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால். வீதியோரத்திலிருந்தே முழுதாகத் தெரியும். அருகே கோட்டை வடிவில் கட்டிய மெலெஸ்னா தேயிலை நிலையம் இருக்கிறது. வாகனம் நிறுத்தவும், கழிவறைக்கும், சுடச்சுட ஒரு தேநீரோடு நீர்வீழ்ச்சியைப் பார்க்கவும் இந்த முழுப் பாதையிலும் வசதியான இடம் இதுதான். தோட்டத்து மண்ணில் ஒரு ஐரோப்பியக் கோட்டை எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான், ஆனால் கழிவறை சுத்தம். வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு இதுவே பெரிய விடயம், ஏனென்றால் அடுத்த நல்ல கழிவறைக்கு நெடுநேரம் ஆகும்.

சென்கிளையர் இன்னும் மூன்று கிலோமீட்டர். 80 மீட்டர் உயரம், 50 மீட்டர் அகலம். இலங்கையின் அகலமான நீர்வீழ்ச்சி என்று பெயர், ‘குட்டி நயாகரா’ என்றும் சொல்வார்கள். இப்போது அந்தப் பெயர் நீர் திறந்துவிடும் அளவைப் பொறுத்தது. அணை இதற்கு மேலே இருக்கிறது. சுற்றாடல் அமைப்புகளின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு, பகல் வேளையில் நாளுக்குச் சுமார் பத்து மணித்தியாலம் நீர்வீழ்ச்சிக்காக நீர் விடுவது என்று அரசு உறுதியளித்தது. எனவே விடிந்தும் விடியாமலும் போனால் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வரவேண்டியிருக்கும். எட்டரை மணிக்குப் பிறகு போவது பாதுகாப்பு. அப்போதும் பழைய படங்களில் காண்கிற வெள்ளைச் சுவர் இருக்காது, வெள்ளைக் கோடுகள்தான். அந்தச் சுவர் வேண்டுமென்றால் வான்கதவு திறந்த செய்தி வானொலியில் வருகிற நாளாகப் பார்க்க வேண்டும்.

அந்த நாளில்தான் மிகவும் கவனமாகவும் இருக்க வேண்டும். வான்கதவு திறந்தால் கீழே ஆறு நிமிடக்கணக்கில் உயரும். உங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் அக்கரப்பத்தனையில் கொட்டிய மழை இங்கே வந்து சேரும். பாறைகளில் இறங்கி நின்று படம் எடுப்பதும் குளிப்பதும் இந்த ஆற்றில் எங்குமே வேண்டாம். ‘பொடியன்கள் குளிக்கிறார்களே’ என்று பார்த்து இறங்காதீர்கள், அவர்களுக்குத் தெரிந்த ஆறு அது.

படம் எடுக்கிறவர்களுக்கு: இரண்டு நீர்வீழ்ச்சிகளையும் வீதியிலிருந்து வடக்கு நோக்கித்தான் பார்க்கிறோம். டிசம்பர், ஜனவரியில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும், காலை ஒளி நன்றாக விழும். அணைப் பக்கம் ட்ரோனைக் கையில் எடுக்கவே வேண்டாம். மற்ற இடங்களுக்கும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் அனுமதி தேவை.

தலவாக்கலை டவுனில் அதிக நேரம் வேண்டாம். நீர்த்தேக்கத்தை வீதியிலிருந்தே பார்க்கலாம். இந்த நீருக்காகவும் அணைக்காகவும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் லயங்களையும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) கடைகளையும் விட்டு இடம்மாறின, புது வீட்டுத்திட்டங்கள் அதன் அடையாளம். தேயிலையில் ஆர்வமுள்ளவர்களுக்கு இன்னொரு தகவல்: 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் டவுனுக்கு அருகே சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. நினைத்தபடி நுழைந்து சுற்றிப்பார்க்கிற இடம் அல்ல.

பூண்டுலோயா வீதி

நாளின் சாரம் இங்கேதான். நிற்பாட்டாமல் ஓட்டினால் தவலந்தென்னைக்கு ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும். இரண்டரை மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

தொடக்கத்தில் வட்டகொடை, மடக்கும்புரப் பக்கத்துத் தேயிலை மலைகள். வீதி உயரத்தில் ஓடும், ஆறு ஆழத்தில். ஆறு இடைக்கிடைதான் கண்ணில் படும், ஆனால் பள்ளத்தாக்கின் மொத்த அமைப்பும் தெரியும்: எதிர்ச்சரிவில் வரி வரியாகத் தேயிலை, நடுவில் தகரக்கூரை லயங்கள், கோயில் கோபுரம் ஒன்று, ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கி, அதற்குக் கீழே ஓடையோரத்து மரக்கறிப் பாத்திகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வெள்ளைக் கீற்று. தேயிலையின் நிறத்தைக் கவனியுங்கள். கரும்பச்சை மலை நடுவே பழுப்பாகக் கிடப்பது கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் கத்தரித்துவிட்ட மலை, வரண்டதல்ல. இளம் மஞ்சட்பச்சையாக மினுங்குவது கொழுந்து எடுக்கத் தயாரான மலை.

கொழுந்து எடுக்கிற இடத்தில் நிற்பாட்டினால் முதலில் கேளுங்கள், பிறகு கமராவைத் தூக்குங்கள். நாட்சம்பளம் கொழுந்து நிறையோடு கட்டப்பட்டது. உங்களுக்காக ஐந்து நிமிடம் சிரித்துக்கொண்டு நின்றால் அது பின்னேரம் தராசில் குறையும். ‘படம் எடுக்கலாமாக்கா?’ என்று தமிழில் கேட்கிற ஆளுக்குப் பெரும்பாலும் மறுப்பு வராது. மலைக்குள் இறங்கினால் அட்டை பிடிக்கும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். பிடித்துவிட்டால் இழுக்காமல் கொஞ்சம் உப்போ சவர்க்காரமோ வைத்தால் விழுந்துவிடும்.

சாரதிக்குச் சில குறிப்புகள். பாதை பல இடங்களில் ஒன்றரை வாகன அகலம்தான். பஸ் எதிரே வந்தால் பின்னுக்கு எடுக்க வேண்டியது நீங்கள்தான், பஸ் எடுக்காது. ஒதுங்கும்போது பள்ளப்பக்கத்துப் புல்லில் சில்லு ஏறவிடாதீர்கள், மழைக்குப் பிறகு அந்த விளிம்பு உள்ளே அரித்திருக்கும், மேலே புல் மட்டும் நிற்கும். குருட்டு வளைவுகளில் ஹோர்ன் அடிப்பது இங்கே மரியாதைக் குறைவல்ல. இறக்கம் முழுவதும் இரண்டாம் கியர், செங்குத்தில் முதலாம் கியர். ஓட்டோமெட்டிக் கியர் காரானால் ‘L’லிலோ ‘B’யிலோ போடுங்கள், ‘D’யிலேயே விட்டுவிட்டுக் காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு வந்தால் பூண்டுலோயாவுக்கு முன்னரே எரிந்த நாற்றம் வரும். வந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான டிஸ்க் வளைந்துவிடும். நிற்பாட்டி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். தொலைபேசி சமிக்ஞை வளைவுக்கு வளைவு வந்து போகும், வரைபடத்தை முன்னரே தரவிறக்கி வைத்திருப்பது நல்லது.

பூண்டுலோயா சிறிய டவுன். மத்தியானச் சாப்பாட்டுக்கு இதுதான் இடம். மரக்கறிச் சாப்பாட்டுக் கடைகளில் சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு வரட்டல், அப்பளம், மிளகாய்ப் பொரியல். நட்சத்திர விடுதிச் சாப்பாட்டை எதிர்பார்த்து வராதீர்கள். பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் போனால் எல்லாம் சூடாக இருக்கும், இரண்டு மணிக்குப் போனால் பானையின் அடிதான். பிந்தினால் கொத்துரொட்டி கேளுங்கள், அது அப்போதுதான் போட்டுத் தருவது. பக்கத்திலேயே ஒரு இஞ்சிப் பிளேன்டீ. தலவாக்கலையை விட இங்கே இரண்டு மூன்று பாகை சூடு கூடுதலாகத் தெரியும், ஜாக்கெட்டைக் கழற்றி விடுவீர்கள், ஆனால் பைக்குள் கைக்கெட்டுகிற இடத்தில் வையுங்கள். இறம்பொடையில் மறுபடி வேண்டும்.

டன்சினன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து பிரதான வீதியை விட்டு டன்சினன் தோட்டப் பக்கம் திரும்ப வேண்டும். போய்வர ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. காலையில் இரண்டு நீர்வீழ்ச்சி பார்த்தவர்களுக்கு, பின்னேரம் இறம்பொடையும் இருக்கும்போது, இது கட்டாயமில்லை. கூட்டமில்லாத நீர்வீழ்ச்சி வேண்டும் என்கிறவர்கள் டெவோனில் நேரத்தைக் குறைத்துக்கொண்டு இங்கே வருவது புத்திசாலித்தனம்.

தவலந்தென்னை, இறம்பொடை

பூண்டுலோயா தாண்டிக் கீழே வரவரத் தேயிலைக்கு நடுவில் கமுகும் பலாவும் தலைகாட்டும், கிராமத்து வீட்டுத்தோட்டங்கள் கூடும். மலை உச்சித் தோட்டங்களும் ஆற்றோரத்துப் பழைய கொத்மலைக் கிராமங்களும் முட்டிக்கொள்கிற எல்லை இது. தவலந்தென்னையில் கண்டி - நுவரெலியா வீதியில் ஏறுகிறோம். இடப்பக்கம் புசல்லாவை, கம்பளை. வலப்பக்கம் இறம்பொடை.

கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல் திறக்கப்பட்ட அணையின் பின்னால் தேங்குகிறது. அணை 87 மீட்டர் உயரம், கற்களை நிரப்பிக் கட்டியது, சுவீடனின் உதவியோடு. மின்நிலையம் 201 மெகாவாட். நீருக்கடியில் கிராமங்களும் வயல்களும் விகாரைகளும் போயின. நீர்மட்டம் நன்றாக இறங்குகிற காலத்தில் கடதொரப் பழைய விகாரையின் எச்சங்கள் வெளியே தெரியும். அணைக்கட்டைப் பார்க்க இதே நாளில் ஓடாதீர்கள். அது நீர்த்தேக்கத்தின் மறுகோடியில் இருக்கிறது, போனால் இறம்பொடை போய்விடும்.

நீர்த்தேக்கத்தை மேலிருந்து பார்க்கச் சிறந்த இடம் இறம்பொடைக்குச் சற்று முன் குன்றின் மேல் இருக்கும் பக்த ஆஞ்சநேயர் கோயில் முற்றம். சின்மயா மிஷன் அமைத்த கோயில், 18 அடி அனுமன். வெளிநாட்டு இராமாயணப் பயணக் குழுக்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் நேரத்தில் வரிசை நீளும், பௌர்ணமி நாட்களில் இன்னும் கூட. கும்பிட வருகிறவர்கள் காலையையோ மாலைப் பூசையையோ பார்த்துக்கொள்ளுங்கள், நடுப்பகலில் வந்தால் திரை போட்டிருக்கலாம். முற்றத்திலிருந்து மேற்கே பார்த்தால் நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும். மூன்று மணிக்கு நீலம், நாலரைக்கு வெயில் எதிர்ப்பட்டு வெள்ளித் தகடு. காலையிலிருந்து கூட வந்த ஆறு மறுபடி நின்றுவிட்ட இடம் அதுதான்.

இறம்பொடை நீர்வீழ்ச்சி 109 மீட்டர். இது கொத்மலை ஓயாவில் இல்லை, அதன் துணையாறொன்றில். பிரதான வீதி இதன் நடுவே பாலம் போட்டுப் போகிறது, மேற்பகுதி பாலத்துக்கு மேலே, கீழ்ப்பகுதி அடியில். பாலத்தில் வாகனத்தை நிற்பாட்டினால் பின்னால் வருகிற லொறிக்காரன் சொல்வது காதில் விழாமல் இருப்பது நல்லது. அருகே இருக்கும் வீதிச் சுரங்கப்பாதைக்கு அப்பால் ஒதுக்கி நிற்பாட்டி நடந்து வாருங்கள். கீழ்நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படிகள் பாசி பிடித்தவை, செருப்போடு வேண்டாம், முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் திரும்பி ஏறுவது தண்டனை.

தேயிலை வாங்க நினைக்கிறவர்களுக்கு: நீங்கள் காலையில் கடந்து வந்தது திம்புளைப் பகுதி. அதன் நல்ல பருவம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, வரண்ட குளிர் காற்றில் கொழுந்து மெதுவாக வளர்ந்து மணம் ஏறும் காலம். பொதியில் ‘உயர்நிலத் தேயிலை’ என்றிருந்தால் 1,200 மீட்டருக்கு மேல் விளைந்தது. பிளேன்டீக்கு பீ.ஓ.பீ. (BOP), பால்தேநீருக்கு பீ.ஓ.பீ.எப். (BOPF) என்ற தரத்தைக் கேளுங்கள். பின்னது பொடி சின்னது, சாயம் சீக்கிரம் இறங்கும், பால் ஊற்றினாலும் நிறம் நிற்கும். பொதி செய்த திகதியைப் பாருங்கள். ஓவியம் போட்ட தகரப் பெட்டிக்குக் கொடுக்கும் காசில் அதே தேயிலை இரண்டு பங்கு சாதாரண உறையில் கிடைக்கும்.

யாருக்குப் பொருந்தும்?

பெற்றோரோடு, பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குத் தாராளமாகப் பொருந்தும். நடை குறைவு, முக்கால்வாசி வாகனத்திலிருந்தே பார்க்கலாம். குளிக்கவும் கூத்தடிக்கவும் ஆறு தேடுகிறவர்களுக்கு இது வேண்டாம், கித்துல்கலைக்குப் போகட்டும். மோட்டார் சைக்கிள்காரர்களுக்குப் பூண்டுலோயா இறக்கம் விருந்து, மழையில்லாத நாளில் மட்டும். சொந்தக் காரில் மலைப்பாதை பழகாதவர்கள் சாரதியோடு வருவதே நல்லது.

புறப்படும் முன் ஒரே ஒரு வேலை. முந்தைய இரண்டு நாட்களில் கடும் மழை பெய்திருந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நுவரெலியா மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், சிவப்பு என்றால் அங்கே குடியிருப்பவர்களையே வெளியேறச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்சுக்கு 1990. வழியில் மண்மேட்டிலிருந்து கலங்கிய நீர் புதிதாகக் கசிவதையோ, மரங்கள் வீதிப்பக்கம் சாய்ந்திருப்பதையோ கண்டால் அதன் கீழே படம் எடுக்க நிற்காமல் கடந்துவிடுங்கள்.

திரும்புவதற்கு, கண்டிப் பக்கம் போகிறவர்கள் புசல்லாவை, கம்பளை வழியாக இறங்கலாம். ஹட்டனுக்கே திரும்ப வேண்டியவர்களுக்கு நுவரெலியா, நானுஓயா வழி உண்டு, அல்லது கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழி. இரண்டும் நேரம் எடுக்கும், ஆகவே இறம்பொடையிலிருந்து நாலரை மணிக்குள் நகர வேண்டும். வந்த வழியே பூண்டுலோயாவால் இரவில் ஏறுவதை யோசிக்கவே வேண்டாம். பஸ்ஸில் வந்தவர்கள் தவலந்தென்னைச் சந்தியில் பூண்டுலோயாப் பக்கத்துக் கடைசி பஸ்ஸை மதியமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கண்டி - நுவரெலியா பஸ் இரவாகியும் வரும், கிளை வீதி பஸ் வராது.

இறம்பொடை - தவலந்தென்னை - புசல்லாவை வீதியை இலேசாக நினைக்க வேண்டாம். 2025 மே 11 அதிகாலையில் கெரண்டி எல்லவில் ஒரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இந்த வீதியில்தான். மூட்டம் இறங்கினால் முன்விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். உயர்த்திப் போட்டால் ஒளி மூட்டத்தில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். நடுக்கோட்டை விட இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்குவது சுலபம். தூக்கம் தட்டினால் புசல்லாவையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போங்கள், அந்த நேரத்திலும் கடை ஏதாவது திறந்திருக்கும்.